மூன்று முறை முதல்வர், பதினொரு எம்.எல்.ஏ.க்கள்: ஓ. பன்னீர்செல்வத்தின் அரசியல் பயணம் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஓ. பன்னீர்செல்வம் தமிழ்நாட்டில் மூன்று முறை முதலமைச்சராக இருந்திருக்கிறார். மூன்று காலத்தையும் கூட்டினால் ஒன்றேகால் ஆண்டு சொச்சம்தான் வரும். அந்த மூன்றில் ஒரு முறைகூட அவரை முன்னிறுத்தி அவருடைய கட்சியான அ.தி.மு.க. மக்களிடம் வாக்குக் கேட்டதில்லை. இரண்டு முறை நீதிமன்றத் தீர்ப்பு அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தது. மூன்றாவது முறை ஒரு மரணம் கொண்டுவந்தது. பிறகு 2017 பிப்ரவரியில் அவரே எழுந்து நின்று போராடியபோது, சட்டமன்றத்தில் அவர் பின்னால் நின்றவர்கள் அவரையும் சேர்த்துப் பதினொரு பேர்.

அவர் விசுவாசியா, ஏமாளியா, தந்திரக்காரரா என்று வருடக்கணக்காகப் பேசிவிட்டோம். அந்தப் பேச்சால் ஒன்றும் விளங்கவில்லை என்பது என் எண்ணம். பார்க்க வேண்டியது வேறு: எந்தக் குணம் அவருக்குப் பதவியை வாங்கிக்கொடுத்ததோ, அதே குணம்தான் அந்தப் பதவியை அவர் கையில் தங்கவிடாமலும் செய்தது. தனக்கென்று ஆள் சேர்க்காதவர் என்பதால்தான் அவரிடம் நம்பி ஒப்படைத்தார்கள். ஆள் சேர்க்காததால்தான், ஒப்படைத்தவர் மறைந்தபோது அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை.

2001: முதல் அழைப்பு

1951-இல் பெரியகுளத்தில் பிறந்தவர். டீக்கடை நடத்திய குடும்பம். 1996 முதல் 2001 வரை பெரியகுளம் நகராட்சித் தலைவர். 1999-இல் டி.டி.வி. தினகரன் பெரியகுளம் மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டு வென்ற சமயத்தில்தான் தலைமையின் கண்ணில் பட்டார் என்று பரவலாகச் சொல்வார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் முதல் முறையாக எம்.எல்.ஏ. ஆனார், உடனே வருவாய்த் துறை அமைச்சரும் ஆனார்.

அந்தத் தேர்தலில் ஜெயலலிதா போட்டியிட முடியவில்லை. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2000 அக்டோபரில் தண்டனை பெற்றிருந்ததால் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. ஆனாலும் கட்சி வென்றது, ஆளுநர் பாத்திமா பீவி 2001 மே 14 அன்று அவருக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். எம்.எல்.ஏ. அல்லாத ஒருவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 164(4) பிரிவு சொல்கிறதே, அதுதான் அவர்கள் காட்டிய வழி. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் 21 அன்று அந்த வழியை அடைத்தது. ஆறு மாதச் சலுகை, தேர்தலில் நிற்கத் தகுதி உள்ளவருக்குத்தான். தகுதியே இழந்தவரை அந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவர முடியாது என்று தீர்ப்பு வந்தது.

அன்று இரவே பன்னீர்செல்வம் முதல்வர். எம்.எல்.ஏ. ஆகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கட்சியில் எம்.ஜி.ஆர். காலத்து மூத்தவர்கள் பலர் இருக்க, அவர்களையெல்லாம் விட்டு இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த மூத்தவர்களுக்குச் சொந்தமாக மாவட்டம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மறுக்கவும் வாய்ப்பு இருந்தது. இவருக்கு அவை எதுவும் இல்லை. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் ஜெயலலிதாவை விடுவித்தது. பிப்ரவரியில் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் அவர் வென்றார். 2002 மார்ச் 2 அன்று முதல்வர் பதவி அவரிடம் திரும்பியது. எந்தச் சலசலப்பும் இல்லாமல் பன்னீர்செல்வம் அமைச்சரவையில் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இது லேசான காரியம் அல்ல. இந்திய மாநில அரசியலில் தற்காலிகமாகக் கொடுத்த நாற்காலியைத் திரும்ப வாங்குவதற்குள் கட்சியே உடைந்துபோன கதைகள் உண்டு. 2014-இல் பீகாரில் நிதீஷ் குமார் ஜிதன் ராம் மாஞ்சியை முதல்வராக்கினார். ஒரு வருடம் முடிவதற்குள் இருவருக்கும் நேரடி மோதல், கடைசியில் மாஞ்சி தனிக் கட்சி கண்டார். பன்னீர்செல்வம் அப்படிச் செய்யவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அவருடைய மூலதனமே அதுதான்.

2014: காலியாக விட்ட இருக்கை

2006-இல் கட்சி ஆட்சியை இழந்தாலும் பெரியகுளத்தில் வென்றார். தொகுதி மறுசீரமைப்பில் பெரியகுளம் தனித் தொகுதியானதால் 2011-இல் போடிநாயக்கனூருக்கு மாறி வென்றார், நிதியமைச்சரானார். கட்சியின் பொருளாளரும் அவரே.

2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2001-க்கும் இதற்கும் சட்டத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்குத் தண்டனை கிடைத்தால் மேல்முறையீடு முடியும்வரை பதவி தப்பும்படி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. ஆகவே இந்த முறை அவகாசமே இல்லை, தீர்ப்பு வந்த அன்றே பதவி போயிற்று.

29-ஆம் தேதி ஆளுநர் மாளிகையில் நடந்த பதவியேற்பைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உறுதிமொழி படிக்கும்போதே முதல்வர் அழுதார். அமைச்சர்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே படித்துவிட்டுப் போனார்கள். பிறகு எட்டு மாதம் முதல்வருக்கான அறையை அவர் பயன்படுத்தவில்லை, நிதியமைச்சராக இருந்த அறையிலிருந்தே வேலை பார்த்தார். சட்டமன்றத்தில் முதல்வரின் இருக்கை காலியாக இருந்தது, அவர் தன் பழைய இருக்கையில் உட்கார்ந்தார். ஜெயலலிதா ‘மக்களின் முதல்வர்’ என்று குறிப்பிடப்பட்டார்.

கட்சிக்காரர்கள் இதைப் பணிவு என்று கொண்டாடினார்கள். எனக்கு அன்றும் இன்றும் இது நெருடுகிறது. தலைவர்மேல் விசுவாசம் வைத்திருப்பது அவர் சொந்த விஷயம். ஆனால் முதலமைச்சரின் இருக்கை ஒரு கட்சித் தலைவரின் சொத்து அல்ல. அதில் உட்காருகிறவர் ஏழு கோடிப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அந்த இருக்கையைக் காலியாக விட்டால், பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர் என்று அரசே ஒத்துக்கொள்வதாக ஆகிறது. அந்த வேறொருவர் அப்போது அவைக்கே வர முடியாதவர். கோப்புகள் நகர்ந்தன, 2015 மார்ச்சில் பட்ஜெட்டும் வந்தது. ஆனாலும் அரசு காத்துக்கொண்டிருந்தது என்பதை எல்லோரும் உணர்ந்தோம்.

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 23-ஆம் தேதி அவர் மீண்டும் முதல்வர். இரண்டாவது முறையும் பன்னீர்செல்வம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்.

2016 செப்டம்பர் முதல் 2017 ஜனவரி வரை

இந்த நான்கைந்து மாதம்தான் ஆய்வில் கனமான பகுதி.

2016 செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் 11 அன்று, அவரிடம் இருந்த துறைகளை ஆளுநர் வித்யாசாகர் ராவ் பன்னீர்செல்வத்துக்கு மாற்றிக் கொடுத்தார்; அமைச்சரவைக் கூட்டங்களுக்கும் அவரே தலைமை தாங்குவார் என்று அறிவிப்பு வந்தது. ஜெயலலிதாவே முதல்வராகத் தொடர்ந்தார். 19-ஆம் தேதி கூடிய அமைச்சரவையில் மேசைமேல் ஜெயலலிதாவின் படத்தை வைத்துத்தான் கூட்டம் நடந்தது.

டிசம்பர் 5 இரவு பதினொன்றரை மணிக்கு அவர் இறந்தார். விடிவதற்குள் பன்னீர்செல்வமும் 31 அமைச்சர்களும் பதவியேற்றுவிட்டார்கள். இந்த முறை திருப்பிக் கொடுக்க வேண்டிய ஆள் இல்லை. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்காலி அவருடையதாகவே இருந்தது, குறைந்தபட்சம் காகிதத்தில்.

அந்த இரண்டு மாதங்களில் வேறு ஒரு பன்னீர்செல்வம் தெரிந்தார். பதவியேற்ற ஒரு வாரத்தில், டிசம்பர் 12 அன்று, வார்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. நிவாரண வேலைகளில் அவரே நேரில் நின்றார். ஜனவரியில் குடிநீர்ப் பிரச்சினை வந்தபோது ஆந்திராவுக்குப் போய் சந்திரபாபு நாயுடுவைச் சந்தித்துக் கிருஷ்ணா நீர் கேட்டார். ஜனவரி 17 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் கூடத் தொடங்கினார்கள். 19-ஆம் தேதி டெல்லியில் பிரதமரைப் பார்த்தார். விஷயம் உச்ச நீதிமன்றத்தில் இருப்பதால் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர முடியாது என்ற நிலையில், மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநில அளவில் திருத்தம் என்ற வழி பிடிக்கப்பட்டது. 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றம். அவர் ஆட்சியில் அவர் பெயரைச் சொல்லி நினைக்கும்படியான காரியம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஆனால் அதிலும் குறை இருந்தது. 22-ஆம் தேதி அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க மதுரைக்குப் போனார். நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மறித்ததால் தொடங்கிவைக்காமலேயே திரும்பினார். மசோதா நிறைவேறிய அதே 23-ஆம் தேதி காலையில் மெரினாவில் போலீஸ் கூட்டத்தைக் கலைக்கப் போய், சென்னையில் வன்முறை வெடித்தது. ஒரு வாரம் உலகமே வியந்து பார்த்த போராட்டம் அப்படி முடிந்ததற்கான பொறுப்பிலிருந்து அன்றைய முதல்வர் விலகிக்கொள்ள முடியாது.

இதற்கிடையில் கட்சி அவர் கையில் இல்லை. டிசம்பர் 29 அன்று பொதுக்குழு கூடி சசிகலாவைத் தற்காலிகப் பொதுச் செயலாளராக்கியது, பன்னீர்செல்வமும் அதற்கு உடன்பட்டார். என் கணிப்பில் எல்லாம் அன்றே முடிந்துவிட்டது. அ.தி.மு.க.வில் வேட்பாளர், மாவட்டச் செயலாளர், அமைச்சர் என எல்லாமே பொதுச் செயலாளரின் கையெழுத்தில்தான் பிறக்கின்றன. அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு முதல்வர் பதவியை மட்டும் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. சண்டை போடுவதாக இருந்தால் டிசம்பரில் போட்டிருக்க வேண்டும், பிப்ரவரி தாமதம்.

2017 பிப்ரவரி: நாற்பது நிமிடம்

பிப்ரவரி 5 அன்று எம்.எல்.ஏ.க்கள் கூட்டம் சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பன்னீர்செல்வம் ராஜினாமா செய்தார். 7-ஆம் தேதி இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்துக்கு வந்து, கண்ணை மூடிச் சுமார் நாற்பது நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அன்றிரவே பொருளாளர் பதவி பறிக்கப்பட்டது.

அடுத்த பத்து நாள் தமிழ்நாடு வேறு எதையும் பேசவில்லை. கிரீன்வேஸ் சாலையில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் குவிந்தது. மதுசூதனன், பொன்னையன் போன்ற மூத்தவர்கள் வந்தார்கள், அமைச்சர் மாஃபா பாண்டியராஜன் வந்தார், பத்துக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் வந்தார்கள். மக்கள் ஆதரவு நிச்சயம் இருந்தது. ஆனால் முதல்வரைத் தேர்ந்தெடுப்பது வீட்டு வாசல் கூட்டம் அல்ல. தேர்ந்தெடுக்க வேண்டிய எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூரில் ஒரு சொகுசு விடுதியில் அடைபட்டிருந்தார்கள். தொகுதிக்குப் போகாமல், மக்களைப் பார்க்காமல், வாக்களித்தவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க வழியில்லாமல் ஒரு மாநிலத்தின் ஆளும் கட்சி எம்.எல்.ஏ.க்களைப் பூட்டிவைத்தது தமிழக ஜனநாயகத்துக்கு நேர்ந்த அவமானம்.

14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சொத்துக் குவிப்பு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை ரத்து செய்து, சசிகலாவுக்குச் சிறப்பு நீதிமன்றம் விதித்த தண்டனையை உறுதி செய்தது. பன்னீர்செல்வம் பக்கம் காற்று திரும்பிவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். எடப்பாடி பழனிசாமியைத் தலைவராக்கிவிட்டு சசிகலா சிறைக்குப் போனார். 16-ஆம் தேதி பழனிசாமி முதல்வர். 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, ஆதரவு 122, எதிர்ப்பு 11.

முதல்வர் பதவி, நிதித் துறை, கட்சிப் பொருளாளர் என எல்லாவற்றிலும் இருந்தவருக்கு 135 பேரில் பதினொரு பேர்தான் தேறினார்கள். பணம், பயம், விடுதி என்று பலரும் காரணம் சொல்கிறார்கள். நான் அவற்றை மறுக்கவில்லை. ஆனால் அந்த விடுதிக்குள் இருந்தவர்களில், இவரால் எம்.எல்.ஏ. ஆனவர்கள் எத்தனை பேர்? இவர் கையால் சீட்டு வாங்கியவர்கள், இவர் சிபாரிசில் மாவட்டச் செயலாளர் ஆனவர்கள் எத்தனை பேர்? பதினைந்து ஆண்டு அவர் அப்படி யாரையும் வளர்க்கவில்லை. வளர்த்திருந்தால் 2014-இல் அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்திருக்காது.

கையெழுத்தில் பாதி

தர்மயுத்தம் என்று பெயர் சூட்டிய போராட்டம் ஆறு மாதம் ஓடியது. மார்ச்சில் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு மதுசூதனனை இரட்டை மின்கம்பம் சின்னத்தில் நிறுத்தினார், பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலே ரத்தானது. சசிகலா குடும்பத்தை ஒதுக்க வேண்டும், ஜெயலலிதா மரணத்தை விசாரிக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் ஏற்கப்பட்டதும் 2017 ஆகஸ்ட் 21 அன்று அணிகள் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதல்வர், கட்சியில் ஒருங்கிணைப்பாளர். பழனிசாமி முதல்வர், கட்சியில் இணை ஒருங்கிணைப்பாளர். வேட்பாளர்களுக்குக் கட்சிச் சின்னம் கிடைக்கத் தேவையான ஏ, பி படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பரில் இரட்டை இலையும் திரும்ப வந்தது.

பார்வைக்கு இது நல்ல பேரம். கட்சியில் பழனிசாமிக்கு மேலான பதவி, பன்னீர்செல்வத்தின் சம்மதமின்றி எதுவும் நகராது. ஆனால் தடுக்கும் அதிகாரம் வேறு, கொடுக்கும் அதிகாரம் வேறு. நான்கு ஆண்டுகளும் ஒப்பந்தம், பதவி, இடமாற்றம், நிதி எல்லாம் முதல்வர் வழியாகத்தான் போயின. மாவட்டச் செயலாளர்களும் பொதுக்குழு உறுப்பினர்களும் யாரிடம் போய் நிற்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவருடன் தர்மயுத்தத்துக்கு வந்தவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணி வென்ற ஒரே இடம் தேனி, வென்றவர் அவர் மகன் ரவீந்திரநாத். அதையும் கட்சிக்குள் அவருடைய பலமாகப் பார்க்கவில்லை, குடும்பத்தைக் கவனித்துக்கொண்டார் என்றே பேசினார்கள். 2020 அக்டோபர் 7 அன்று பழனிசாமிதான் முதல்வர் வேட்பாளர் என்று அறிவித்தவரும் பன்னீர்செல்வமே.

மரண விசாரணையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவர் கேட்டு வாங்கிய ஆணையத்தின் முன்னால் அவரே 2022 மார்ச்சில்தான் ஆஜரானார். மக்களுக்கு இருந்த ஐயத்தைத் தீர்க்கவே விசாரணை கேட்டதாகவும், தனிப்பட்ட முறையில் தனக்குச் சந்தேகம் இல்லை என்றும் சொன்னார். தர்மயுத்தத்தின் அடித்தளமே அந்தச் சந்தேகம்தான். அதை நம்பி அவருக்காகத் தெருவில் நின்ற தொண்டனுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்?

2022: மறுபடியும் எண்ணிக்கை

2021-இல் கட்சி 66 இடங்களோடு எதிர்க்கட்சியானது. எதிர்க்கட்சித் தலைவர் பழனிசாமி, துணைத் தலைவர் பன்னீர்செல்வம். அடுத்த ஆண்டு ஜூனில் ஒற்றைத் தலைமைப் பேச்சு எழுந்தது. 23-ஆம் தேதி வானகரத்தில் கூடிய பொதுக்குழுவில் 23 தீர்மானங்களையும் நிராகரித்தார்கள். பன்னீர்செல்வம் வெளியேறும்போது அவரை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. ஜூலை 11 அன்று மறுபடி கூடிய பொதுக்குழு பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்தே நீக்கியது. அதே நேரம் ராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தில் இரு தரப்பும் மோதிக்கொண்டு கட்டடத்துக்கே சீல் வைத்தார்கள்.

அவர் நீதிமன்றத்தை நம்பினார். ஆகஸ்ட் 17 அன்று தனி நீதிபதி ஜூன் 23-க்கு முந்தைய நிலையே தொடர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். செப்டம்பர் 2 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றமும் அமர்வின் பக்கமே நின்றது. ஒருங்கிணைப்பாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள், பொதுக்குழு எப்படி நீக்கலாம் என்ற அவர் வாதம் என்னைப் பொறுத்தவரை அற்பமானது அல்ல. கட்சிக்குத் தொண்டன் எஜமானா, இரண்டாயிரத்துச் சொச்சம் பொதுக்குழு உறுப்பினர்கள் எஜமானர்களா என்பது எல்லாக் கட்சிக்கும் பொருந்தும் கேள்வி. ஆனால் 2021 டிசம்பரில் அவரும் பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வானவர்கள். வாக்குப் பெட்டிக்கே வேலை இல்லாமல் கிடைத்த பதவியை வைத்துக்கொண்டு தொண்டர்கள் என் பக்கம் என்று எப்படிக் காட்டுவது? பொதுக்குழுவில் பழனிசாமியால் தலை எண்ணிக் காட்ட முடிந்தது.

2024 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றார். இரட்டை இலை இல்லை, சின்னம் பலாப்பழம். அதே பெயர் கொண்ட வேறு பன்னீர்செல்வங்களும் வாக்குச்சீட்டில் இருந்தார்கள். முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனியிடம் தோற்றார். ஆனாலும் மூன்று லட்சத்துக்கும் மேலான வாக்குகளோடு இரண்டாம் இடம், இரட்டை இலையில் நின்ற அ.தி.மு.க. வேட்பாளரை முந்தி. தலைவர் படமும் கட்சிச் சின்னமும் இல்லாமல், அவர் பெயருக்கென்று கேட்டு வாங்கிய முதல் வாக்குகள் அவை. அப்போது அவருக்கு வயது 73.